பெரிய டிஸ்க் ஒன்றா, நடுத்தரமாக இரண்டா: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் தேர்ந்தெடுத்த கதை

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எதிர்சேவை பார்த்துவிட்டு வந்து, ராத்திரி சாப்பாடும் முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது மூலையில் இருந்த கம்ப்யூட்டரிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம். நகத்தால் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு தட்டு. "அது ஒரு மாசமா அப்படித்தான்டா கத்துது, அப்புறம் அதுவே சரியாயிரும்" என்றாள் அக்கா. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும், அந்த டிஸ்க்குக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியும்.

2014-ல் அத்தான் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் அது. எச்81 மதர்போர்டு, நான்காம் தலைமுறை ஐ3, பின்னால் 8 ஜிபி ஆக்கிய ரேம், ஒரே ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க். அத்தானின் அச்சகக் கணக்கு, மருமகனின் பள்ளி வேலைகள், 2008-லிருந்து சேர்ந்த குடும்பப் படங்கள், எங்கள் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடியதை அக்கா சின்னக் கேமராவில் பிடித்த வீடியோ, எல்லாம் அதில்தான். மொத்தம் 640 ஜிபி, அதில் படமும் வீடியோவும் மட்டும் 380. வேறெங்கும் இன்னொரு பிரதி கிடையாது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று இலவசமாகக் கிடைக்கிற ஒரு புரோகிராம் இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தேன். நீலமாக இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது. அதில் பார்க்க வேண்டியவை மூன்று வரிகள்: 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிவிட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் எழுதுகிற சின்னச் சின்ன இடங்களின்) எண்ணிக்கை, சி5, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், சி7, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் தகவல் போகும்போது வந்த பிழைகள். சி7 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிளில்தான் கோளாறு, டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கிற நூறு ரூபாய் சாட்டா கேபிளை மாற்றினாலே சரியாகிவிடும், புது டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. அக்கா வீட்டில் சி7 சுழியம், 05-லும் சி5-லும்தான் எண்ணிக்கை ஏறியிருந்தது. டிஸ்க்கின் சூடு 52 டிகிரி என்று காட்டியது.

இந்த நிலையில் பலரும் செய்கிற காரியம், விண்டோஸில் டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்கிற செக்டிஸ்க் ஓட்டுவது, இல்லாவிட்டால் சிதறிக் கிடக்கிற கோப்புகளை ஒழுங்காக அடுக்குகிற டிஃப்ராக் போடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். சாகக் கிடக்கிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டு, கூடவே எழுதவும் செய்கிற வேலை அது. முதலில் பிரதி எடுக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். மறுநாள் காலையில் கடை திறந்ததும் 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று வாங்கிவந்து, லினக்ஸ் பென்டிரைவில் கம்ப்யூட்டரைக் கிளப்பிப் படங்களை மட்டும் இழுத்தேன். நல்ல டிஸ்க்காக இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும். விடிய விடிய ஓடியது. 11 படங்கள் வரவில்லை, பாட்டியின் வீடியோ முழுசாக வந்துவிட்டது.

அதன் பிறகுதான் என்ன வாங்குவது என்ற பேச்சே வந்தது.

அக்காவுக்கு ஒரே கருத்து: "இனிமே இந்தப் பிரச்சினையே வேண்டாம்டா, பெரிசா ஒரு 4 டிபி வாங்கிப் போட்டுரு." அத்தான் வேறு கட்சி. எஸ்எஸ்டி, அதாவது சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பிலேயே தகவலை வைக்கிற டிஸ்க், போட்டால் கம்ப்யூட்டர் பறக்கும் என்று அவருடைய அச்சகத்துக்கு வருகிற பையன் சொல்லியிருக்கிறான். "அதையே 1 டிபிக்கு வாங்கிட்டா வேலை முடிஞ்சுது இல்ல மாப்ளே?" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. கடைசியில் நான் வாங்கியது இரண்டுமில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும், கடையில் போய் நின்றால் நம்மை வேறு பக்கம் இழுத்துவிடுகிறார்கள்.

முதலில் வேகம். அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் சுவிட்சு போட்டு, பிரவுசர் திறந்து, கையில் வசப்பட ஐந்து நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் 10 சதவீதத்தில் சும்மா கிடக்கும், டிஸ்க் 100-ல் நிற்கும். இதைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரே பழசாகிவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று முடிவு செய்கிறவர்கள் ஏராளம். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் படிக்கிற தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு முன் தலை அந்தத் தடத்துக்கு நகர்ந்துபோக இன்னொரு 8, 9 மில்லி விநாடி. ஆக ஒரு துண்டுத் தகவலை எடுக்க 12, 13 மில்லி விநாடி, விநாடிக்கு எண்பது துண்டு என்றால் அதிகம். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கும், அதற்கு நடுவில் ஆன்டிவைரஸ் ஒரு பக்கம், அப்டேட் ஒரு பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் ஒன்றுமில்லை, அதே துண்டு 0.1 மில்லி விநாடியில் வந்துவிடும். பெட்டியில் அச்சடித்திருக்கிற விநாடிக்கு 550 எம்பி, 3500 எம்பி என்பதையெல்லாம்விட இந்த வித்தியாசம்தான் வீட்டில் நம் கைக்குத் தெரிவது.

அதனால் புதிதாக ஹார்ட் டிஸ்க்கே வாங்கி அதிலேயே விண்டோஸையும் போடுவது என்ற யோசனையை, 1 டிபி ஆனாலும் 4 டிபி ஆனாலும், நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். காசு கொடுத்து அதே ஐந்து நிமிஷத்தைத் திரும்ப வாங்குகிற மாதிரி அது. கையில் காசு குறைவு, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்கூட, 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை விண்டோஸுக்குப் போட்டுவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை அப்படியே சேமிப்புக்கு விட்டுவிடலாம். பழைய கம்ப்யூட்டருக்கு அதைவிடப் பலன் தரும் செலவு எனக்குத் தெரிந்து இல்லை.

எந்த எஸ்எஸ்டி என்பது போர்டைப் பொறுத்தது. கடைக்காரர்கள் இப்போது முதலில் எடுத்து வைப்பது எம்.2 என்விஎம்இ, கேபிள் இல்லாமல் போர்டிலேயே நேராகச் செருகுகிற வேகமான வகை, சூயிங்கம் பட்டை மாதிரி 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் இருக்கும். எச்61, எச்81 காலத்துப் போர்டுகளில் பெரும்பாலும் அதைச் செருக இடமே கிடையாது. அடாப்டர் கார்டு போட்டுச் செருகினாலும் அந்தக் காலத்துப் பயாஸ்களில் (கம்ப்யூட்டரை முதலில் கிளப்பிவிடுகிற, போர்டிலேயே இருக்கிற மென்பொருள்) பலவற்றுக்கு என்விஎம்இ-யிலிருந்து கிளம்பத் தெரியாது. எம்.2 துளை இருக்கிற போர்டிலும் ஒரு சிக்கல் உண்டு. எம்.2 வடிவத்திலேயே சாட்டா எஸ்எஸ்டியும் இருக்கிறது, சில போர்டுகள் இரண்டில் ஒன்றைத்தான் ஏற்கும். போர்டின் மாடல் எண்ணை போனில் படம் எடுத்துக்கொண்டு, அதன் கையேட்டில் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

அக்கா வீட்டுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் பொருத்தம். எச்81-ல் நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிபிட் வேகம், மற்ற இரண்டும் 3 ஜிபிட். போர்டிலேயே பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும், டார்ச் அடித்துப் பார்த்து வேகமானதில் எஸ்எஸ்டியைச் செருக வேண்டும். எச்61 என்றால் சிப்செட்டின் நான்கு போர்ட்டுமே 3 ஜிபிட்தான், அதிலும் போடலாம், வருத்தப்பட ஒன்றுமில்லை. பெரிய கோப்பு நகலெடுக்கும்போது பாதி வேகம் வரும், கம்ப்யூட்டர் கிளம்புகிற வேகத்தில் பெரிசாக ஒன்றும் தெரியாது. சாட்டாவில் இன்னொரு நன்மை, நாளைக்கே புது டெஸ்க்டாப் வாங்கினாலும் இதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். அக்காவுடையது விண்டோஸ் 11 ஏற்காத பிராசசர், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதனால் இந்தப் பெட்டியோடு போய்விடும் எதிலும் காசைப் போட எனக்கு மனசில்லை.

அப்படியானால் அத்தான் சொன்ன மாதிரி 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றே வாங்கி எல்லாவற்றையும் அதில் போட்டால் என்ன? இதை நான் ரொம்ப நேரம் யோசித்தேன், கேட்க அவ்வளவு சுத்தமான வழி. சத்தம் கிடையாது, சூடு கம்மி, பிள்ளைகள் மேஜையைத் தட்டினாலும் பயமில்லை. எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வீட்டு உபயோகத்துக்குப் பொருந்தாது. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட் எழுதும் வரை வாரண்டி கொடுக்கிறார்கள், தினமும் 30 ஜிபி எழுதினால்கூட வருஷத்துக்கு 11 டெராபைட்தான், 27 வருஷம் ஓடும் கணக்கு. ஐந்து வருஷ வாரண்டி அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

என்னைத் தடுத்தது வேறு. ஹார்ட் டிஸ்க் சாகும்போது பெரும்பாலும் சொல்லிக்கொண்டு சாகும். ஒரு மாசமாகக் கத்தியது, கம்ப்யூட்டர் மந்தமானது, மஞ்சள் கட்டம் வந்தது, அத்தனைக்குப் பிறகும் 11 தவிர எல்லாப் படமும் வந்தது. எஸ்எஸ்டியில் எல்லாவற்றையும் நடத்துகிற கன்ட்ரோலர் சிப் போய்விட்டால் நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்தது காலையில் பயாஸில் பெயரே காட்டாது. தவறுதலாக அழித்த கோப்பை மீட்பதும் அதில் கிட்டத்தட்ட நடக்காத காரியம், அழித்த இடங்களை டிரிம் என்ற ஏற்பாடு பின்னணியில் சுத்தமாகத் துடைத்துவிடும். விண்டோஸ் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், பாட்டியின் குரலை எங்கே போய் வாங்குவது? எஸ்எஸ்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிற காசு முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டால் இரண்டாவது பிரதிக்குக் காசு மிஞ்சாது.

எஸ்எஸ்டி வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எஸ்எஸ்டி சிப்புக்குள் தகவலை வைக்கிற சின்ன அறைக்குச் செல் என்று பெயர், ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது கியூஎல்சி. கியூஎல்சி விலை குறைவு, ஆனால் எழுதும்போது முதலில் நிரம்புகிற வேகமான பகுதி ஒன்று அதில் உண்டு, அது நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். 870 கியூவிஓ 1 டிபியில் அந்தப் பகுதி 42 ஜிபி, அது நிரம்பிய பிறகு எழுதும் வேகம் விநாடிக்கு 80 எம்பி என்று சாம்சங்கே விவரக்குறிப்பில் போட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு அது. விண்டோஸுக்கு டிஎல்சி வாங்குங்கள். பெட்டியில் டிஎல்சியா கியூஎல்சியா என்றே எழுதாத, எழுதும் அளவுக்கான உத்தரவாதமும் சொல்லாத, பெயர் கேள்விப்படாத மலிவுச் சரக்கை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

சரி, இப்போது ஹார்ட் டிஸ்க் பக்கம். எஸ்எஸ்டியில் விண்டோஸ், ஹார்ட் டிஸ்க்கில் படங்கள் என்று முடிவானதும் எந்த ஹார்ட் டிஸ்க் என்ற கேள்வி. உலகத்தில் இன்று இதைச் செய்கிற பெரிய கம்பெனிகள் மூன்றே மூன்று: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மேக்ஸ்டரும் சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பிரிவும் சீகேட்டுக்குள் போய்விட்டன, ஹிட்டாச்சி வெஸ்டர்ன் டிஜிட்டலுக்குள், ஃபுஜிட்சு தோஷிபாவுக்குள். இந்த மூன்றில் எது உசத்தி என்று கேட்டால் ஒவ்வொருவரும் தனக்குக் கெட்டுப்போன ஒன்றை வைத்துத்தான் பதில் சொல்வார்கள். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டி, எத்தனை செத்தன என்று வருஷாவருஷம் வெளியிடுகிற பேக்பிளேஸ் நிறுவனத்தின் 2024 கணக்கில் மொத்தமாக ஒன்றரை சதவீதத்தை ஒட்டித்தான் போயிருக்கின்றன, கம்பெனிக்குக் கம்பெனி என்பதைவிட மாடலுக்கு மாடல்தான் வித்தியாசம் தெரிகிறது. அது ஏசி போட்ட டேட்டா சென்டர், மதுரைக் கூடமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனிச் சண்டையை நான் அதோடு விட்டுவிட்டேன்.

பார்க்க வேண்டியது சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்ற வித்தியாசம். எங்கள் தாத்தா வீடு ஓட்டு வீடு. நடுவில் ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் உருவி எடுக்க முடியாது, அதன் மேல் ஏறி நிற்கிற வரிசையைக் கிளப்பிவிட்டு, மாற்றிவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் அதே ஏற்பாடுதான், முதல் எழுத்து ஷிங்கிள்டு என்பதைக் குறிக்கிறது, ஷிங்கிள் என்றால் கூரை ஓடு. எழுதும் தலை அகலம், படிக்கும் தலை ஒடுக்கம், அதனால் தடங்களை ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல எழுதி அதே தட்டில் அதிகம் அடைக்கிறார்கள். படிக்கும்போது ஒரு கஷ்டமும் இல்லை. நடுவில் ஒன்றை மாற்றி எழுதினால்தான் பக்கத்து வரிசைகளையும் திரும்ப எழுத வேண்டும், அந்த நேரத்தில் டிஸ்க் திணறும். சிஎம்ஆர் என்றால் தடங்கள் தனித்தனி, அந்தத் தொல்லை கிடையாது.

இதைப் பெட்டியில் பெரும்பாலும் போடுவதில்லை. 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் டபிள்யூடி ரெட் டிஸ்க்குகளில் 2 முதல் 6 டிபி வரையிலானவை சொல்லாமல் எஸ்எம்ஆர் ஆக்கப்பட்டிருந்தது வெளியே வந்து பெரிய சண்டையானது. அதற்கப்புறம்தான் எது எந்த வகை என்று கம்பெனிகள் பட்டியல் வெளியிட்டன, சிஎம்ஆர் வகைக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயரும் வந்தது. நம் கடைகளில் அதிகம் ஓடுகிற டெஸ்க்டாப் டிஸ்க்குகளில், சீகேட் பாரக்கூடா 1 டிபி சிஎம்ஆர், அதே பாரக்கூடா 2 டிபி எஸ்எம்ஆர். கேஷ், அதாவது டிஸ்க்கின் தற்காலிக நினைவகம், 64 எம்பியா 256 எம்பியா என்று பார்த்து, 256 இருப்பதுதான் வேகம் என்று நினைத்து வாங்குகிறோம். அந்தப் பெரிய கேஷ் பல இடங்களில் எஸ்எம்ஆரின் திணறலைச் சமாளிக்கப் போட்டது. எஸ்எம்ஆர் தீண்டவே கூடாத ஒன்று என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு முறை எழுதிவிட்டு வருஷக்கணக்கில் பார்க்க மட்டும் செய்கிற கல்யாணப் படங்களுக்கு அது போதும். விண்டோஸ் போடவும், நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பகிர்கிற சேமிப்புப் பெட்டி) பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டவும், வீடியோ எடிட்டிங் செய்யவும் வேண்டாம்.

சென்னைக்குத் திரும்பியதும் ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். இரண்டாவது கடையில் ஒருவர் ஊதா நிற லேபிள் ஒட்டிய 2 டிபி டிஸ்க்கை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "சார், இது சிசிடிவி டிஸ்க், இருபத்தி நாலு மணி நேரமும் ஓடுறது, வீட்டுக்குப் போட்டா சாகவே சாகாது" என்றார். சாகாத டிஸ்க் என்று ஒன்று கிடையாது. ஆனால் கேமரா டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டால் கோப்பு கெட்டுவிடும் என்று சொல்கிறார்களே, அதுவும் சரியில்லை. வீடியோ நடுவில் விட்டுப்போகாமல் இருக்கப் பிழையைக் கொஞ்சம் சகித்துக்கொண்டு போகிற வசதி அதில் இருக்கிறது, டிவிஆர் (கேமராப் பதிவுப் பெட்டி) தனிக் கட்டளை கொடுத்துக் கேட்டால்தான் அது வேலை செய்யும். கம்ப்யூட்டர் அந்தக் கட்டளையைக் கொடுப்பதில்லை, அதனால் சாதாரண டிஸ்க்காகத்தான் நடந்துகொள்ளும். அவர் எடுத்து வைத்த டபிள்யூடி பர்ப்பிள், அந்தக் கம்பெனி வெளியிட்ட பட்டியலில் சிஎம்ஆர் என்று இருக்கிறது, சுற்றும் வேகம் குறைவு என்பதால் சூடும் சத்தமும் குறைவு, வாரண்டி டெஸ்க்டாப் டிஸ்க்கைப்போல் இரண்டு வருஷமாக இல்லாமல் மூன்று. படம் வைக்கிற இடத்துக்கு 7200 சுற்று எதற்கு? மதுரை வெயிலுக்குச் சூடு குறைவாக இருப்பதுதான் முக்கியம். அன்றைய விலையில் பாரக்கூடா 2 டிபிக்கும் அதற்கும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். கடைக்காரர் சொன்ன காரணம் தப்பு, எடுத்து வைத்த டிஸ்க் சரி. அதையே வாங்கினேன்.

அதே வரிசையில் பாதி விலைக்குப் பெரிய பெரிய டிஸ்க்குகளும் வைத்திருந்தார்கள், டேட்டா சென்டரில் ஓடிக் கழற்றியவை. எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒழுங்காகச் சொல்லி விற்றால் அதில் தப்பில்லை, இரண்டாவது மூன்றாவது பிரதிக்கு வாங்கலாம். புதுசு என்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹெய்ஸ் பத்திரிகை எழுதிய பிறகு, பல நாடுகளில் புதுசென்று விற்ற சீகேட் டிஸ்க்குகள் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்று தெரிய வந்தது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கிற ஸ்மார்ட் கணக்கில் மணி நேரத்தைச் சுழியமாக்கியிருந்தார்கள், ஃபார்ம் என்ற இன்னொரு உள்பதிவில் உண்மையான எண்ணிக்கை அப்படியே இருந்தது, அதை வைத்துத்தான் பிடித்தார்கள். அதனால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், சீரியல் எண்ணை அந்த இடத்திலேயே போனில் கம்பெனித் தளத்தில் போட்டு வாரண்டி எந்த நாட்டுக்கு, எந்தத் தேதி வரை என்று பாருங்கள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். வாரண்டியில் திரும்பக் கிடைப்பது டிஸ்க் மட்டும்தான், அதுவும் பழுது பார்த்த டிஸ்க்காக இருக்கலாம். உள்ளே இருந்த படத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

அக்காவின் 4 டிபி ஆசைக்கு வருவோம். காசைக் கொள்ளளவால் வகுத்துப் பார்த்தால் 1 டிபி ஹார்ட் டிஸ்க்தான் இருப்பதிலேயே நஷ்டம், 2 டிபி கொஞ்சம் பரவாயில்லை, 4 இன்னும் லாபம். அதை நான் மறுக்கவில்லை. அக்கா வீட்டில் வருஷத்துக்கு ஏறுவது ஏறத்தாழ 40 ஜிபி. 2 டிபி என்று எழுதியிருப்பது விண்டோஸில் 1.81 என்று காட்டும், கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது, அதனால் யாரும் ஏமாற்றவில்லை. அந்த 1.81-ல் 380 போக மிச்சம் நிரம்புவதற்குள் மருமகன் வேலைக்கே போய்விடுவான், டிஸ்க் அத்தனை வருஷம் இருக்காது. 4 டிபி என்றால் காலியாகச் சுற்றப்போகிற இடத்துக்குக் காசு கொடுக்கிறோம், எல்லாப் படமும் மறுபடி ஒரே டிஸ்க்கில் இருக்கும். "அக்கா, பெரிசா ஒண்ணு வாங்கிப் போட்டா, போகும்போது பெரிசாப் போகும்" என்று சொன்னதும்தான் சரி என்றாள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்ட் டிஸ்க் விலை எகிறியது, ஏறிய வேகத்தில் இறங்கவில்லை. 2025-ன் பின்பாதியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போவதால் மெமரி சிப், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாமே ஏறுமுகம். அதனால் விலைப் பட்டியல் எதையும் இங்கே தரவில்லை. வாங்குகிற அன்றைக்கு நான்கு கடையில் கேட்டு, டிபிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். மஞ்சள் கட்டம் காட்டுகிற டிஸ்க்கை வைத்துக்கொண்டு விலை இறங்கட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

முதலிலேயே வாங்கிய போர்ட்டபிள் டிஸ்க்தான் இரண்டாவது பிரதி. இதை ஹார்ட் டிஸ்க்காக வாங்கியதும் யோசித்துத்தான். மின்சாரம் இல்லாமல் பீரோவில் கிடக்கிற எஸ்எஸ்டி தகவலைக் காலாகாலத்துக்கும் பிடித்து வைத்திருக்காது, ஆயுள் தேய்ந்த வீட்டு எஸ்எஸ்டி 30 டிகிரியில் ஒரு வருஷம் தாங்க வேண்டும் என்பதுதான் சிப் தொழிலுக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்பு கேட்பது. நம் ஊரில் 30 டிகிரி என்பது மார்கழிப் பகல். ஹார்ட் டிஸ்க் அந்த விஷயத்தில் நிதானமானது. போர்ட்டபிளில் ஒரு குறை, பல மாடல்களில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், முனை ஆட்டம் கண்டால் கழற்றி வேறு கேபிளில் போட முடியாது. ஒரே பிரதியாக அதை வைத்துக்கொள்ளவே கூடாது. பென்டிரைவ் படம் சேமிக்கிற இடமில்லை. கிளவுடு, அதாவது இணையத்தில் கிடைக்கிற சேமிப்பிடம், நல்ல மூன்றாவது பிரதி, ஆனால் மாசாமாசம் கட்ட வேண்டும், 30 எம்பிபிஎஸ் இணைப்பில் 380 ஜிபி ஏற்ற நிற்காமல் 28 மணி நேரம் ஆகும். பாட்டியின் வீடியோவையும் ஒரு சில படங்களையும் மட்டும் இலவசமாகக் கிடைக்கிற 15 ஜிபியில் ஏற்றிவைத்தேன்.

ஆக 500 ஜிபி டிஎல்சி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, 2 டிபி பர்ப்பிள் ஒன்று, 1 டிபி போர்ட்டபிள் ஒன்று. பெரிய எஸ்எஸ்டியும் 4 டிபியும் வேண்டாம் என்று விட்டதில் மிஞ்சியது போர்ட்டபிளுக்குக் கொடுத்த காசுக்கு ஈடானது. உங்கள் வீட்டில் படம் கொஞ்சம்தான், 200 ஜிபிக்குள் என்றால் நடுவில் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லை, ஒரு எஸ்எஸ்டியும் ஒரு போர்ட்டபிளும் போதும். பிள்ளைகள் பெரிய கேம்கள் ஆடுகிற வீடு, போர்டும் புதுசு என்றால் 1 டிபி என்விஎம்இ நியாயமான செலவு, அப்போதும் ஜென் 4 என்ற நான்காம் தலைமுறை வேகத்துக்கு மேல் போக வீட்டில் காரணம் இல்லை. லேப்டாப் என்றால் உள்ளே எஸ்எஸ்டி தவிர வேறு பேச்சே வேண்டாம், சுற்றுகிற டிஸ்க்கை மடியில் வைத்து ஆட்டக்கூடாது.

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது இரண்டு டிஸ்க்கையும் உறையோடு துண்டில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு போனேன். கேபினட்டைத் திறந்தால் விசிறியில் விரல் தடிமனுக்குத் தூசி. அதைத் துடைத்து, ஹார்ட் டிஸ்க்கை முன் விசிறிக்கு நேரே மாட்டி, விண்டோஸை எஸ்எஸ்டியில் புதுசாகப் போட்டேன், நோயாளி டிஸ்க்கிலிருந்து குளோன் (அப்படியே முழு நகல்) எடுக்கவில்லை. சுவிட்சு போட்டு 25 விநாடியில் திரை வந்தது. மதியம் இரண்டு மணிக்குப் புது டிஸ்க்கின் சூடு 41. அத்தான் இரண்டு முறை ஷட்டவுன் செய்து மறுபடி போட்டுப் பார்த்தார். கேபிள் மாற்றும்போது கை தட்டியதில் பின்பக்க ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருந்தது, அதைச் செருகிவிட்டுப் பாட்டியின் வீடியோவை ஓட்டினோம்.

வராமல் போன 11 படங்களின் பெயர்களைப் பழைய டிஸ்க்கின் மேலேயே தாள் ஒட்டி எழுதிவைத்திருக்கிறேன், எல்லாம் 2012 குற்றாலம் போனபோது எடுத்தவை, சித்தி வீட்டில் பிரிண்ட் போட்ட ஆல்பம் இருக்கிறதாம். போர்ட்டபிள் டிஸ்க் விருதுநகரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது. பொங்கலுக்கும் ஆடிக்கும் அதை எடுத்துவந்து புதுப் படங்களைச் சேர்த்து, பழைய படங்களில் நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி அங்கேயே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று அக்கா பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறாள்.